மயில், பன்றி, முதலை: பாதுகாக்கப்பட்ட உயிரினங்களும் நம் கொல்லையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்தில் வேப்பூர், திட்டக்குடிப் பக்கம் மக்காச்சோளக் கொல்லையைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகிறது. பண்ருட்டிப் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) விதைத்த மறுநாளே மயில் இறங்குகிறது. சிதம்பரத்தைத் தாண்டினால் மாடு தண்ணீர் குடிக்கும் துறையில் முதலை கிடக்கிறது. புதுச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கம் பாகூர், வில்லியனூர்க்காரர்களுக்கும் இதில் பாதித் தலைவலி உண்டு. ஆனால் வன உயிரினச் சட்டம் என்று பேச்செடுத்தாலே “மயிலைத் தொட்டால் ஜெயில்” என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலும் அந்தச் சட்டத்தில் நிறைய இருக்கிறது. சில விதிகள் விவசாயியின் கையைக் கட்டுகின்றன. சிலவற்றை அவர் கேட்டு வாங்க வேண்டும். என்னிடம் மனு எழுத வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும் என் பதில்களையும் கீழே தருகிறேன். பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கும். எது சட்டம், எது என் கருத்து என்று தெரியும்படியே எழுதியிருக்கிறேன்.

எல்லா விலங்குக்கும் ஒரே அளவு பாதுகாப்புதானா?

இல்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் புதிய வடிவில் நடைமுறைக்கு வந்தது. முன்பு ஆறு அட்டவணைகள் இருந்தன; இப்போது நான்கு. விலங்குகள் முதல் இரண்டு அட்டவணைகளில் இருக்கின்றன. மூன்றாவது தாவரங்களுக்கு, நான்காவது சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள உயிரினங்களுக்கு.

நம் பக்கம் தென்படுபவற்றில் மயில், நன்னீர் முதலை, உடும்பு மூன்றும் முதல் அட்டவணை. காட்டுப்பன்றி, புள்ளிமான், பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணை. இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதில்லை. சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் படித்தால் புரியும். முதல் அட்டவணை விலங்கு மனித உயிருக்கே ஆபத்தாகிவிட்டால், அல்லது மீள முடியாதபடி நோயுற்றோ ஊனமுற்றோ இருந்தால் மட்டுமே அதைப் பிடிக்கவோ கொல்லவோ தலைமை வன உயிரினக் காப்பாளர் உத்தரவிடலாம். இரண்டாம் அட்டவணை விலங்குக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது: சொத்துக்குச் சேதம். நிலத்தில் நிற்கும் பயிரும் சொத்துதான் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. பன்றிக்கு ஒரு வழி இருந்து மயிலுக்கு இல்லாமல் போனது இதனால்தான்.

மயில் அழிந்து வரும் இனமா? எங்கள் ஊரில் காக்கையை விட மயில்தான் அதிகம்.

உலக அளவில் மயில் அழிவின் விளிம்பில் இல்லை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது கவலைக்கிடமில்லாத இனம்தான். காட்டுப்பன்றியும் அப்படியே. 1963-இல் மயில் தேசியப் பறவை ஆனது. சட்டத்தில் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. எண்ணிக்கை கூடியதும் அந்த இடம் மாறவில்லை.

கூடியதற்குச் சட்டத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. மயில் குஞ்சையும் முட்டையையும் தின்று கணக்கைச் சரிக்கட்டிய நரியும் காட்டுப்பூனையும் நம் ஊர்களில் அருகிவிட்டன. ஏரிக்கரை, ஓடைக்கரை, தரிசு நிலம் என்று எங்கும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பகலில் பதுங்க மயிலுக்கும் பன்றிக்கும் அதைவிடத் தோதான இடம் கிடையாது. ஊராட்சி மனம் வைத்து அந்தப் புதரை அழித்தால் மயிலைத் தொடாமலே பாதித் தொல்லை தீரும். இது என் கருத்து. ஆனால் கருவேலம் வெட்டிய கிராமங்களில் விசாரித்துப் பாருங்கள்.

சரி, மயிலை விரட்டவாவது செய்யலாமா?

கொல்லையிலிருந்து விரட்டலாம். தகரம் தட்டுவது, ஆள் காவல் இருப்பது, மினுமினுக்கும் நாடாவை வரிசையாகக் கட்டுவது எதுவும் குற்றமாகாது. அடிப்பது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது குற்றம். முயன்றாலே போதும், சட்டம் அதை வேட்டை என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

மயிலின் தொல்லை பெரும்பாலும் இரண்டு கட்டங்களில்தான். மல்லாட்டையில் விதைத்த நாளிலிருந்து முளை விட்டு இரண்டிலை விரியும்வரை ஒரு கட்டம். காய் பிடித்த பின் இன்னொன்று. முதல் கட்டத்தில் விடியற்காலையும் மாலை வெயில் தாழ்ந்த பிறகும் காவல் இருந்தால் போதும். உச்சி வெயிலில் அது புதரை விட்டு வராது. விதையைச் சற்று ஆழமாக ஊன்றி மண்ணை நன்றாக மூடியவர்களுக்குச் சேதம் குறைகிறது. மிளகாய், தக்காளித் தோட்டத்தில் இதெல்லாம் எடுபடாது. அங்கே வலைதான் கட்ட வேண்டும். அந்த வலை கொண்டுவரும் வில்லங்கத்தைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அறுவடைக்குப் போன இடத்தில் மயில் முட்டை கிடக்கிறது. என்ன செய்வது?

அந்த இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் பயிரை விட்டுவிட்டு மற்றதை அறுத்துக்கொள்ளுங்கள். முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் சட்டப்படி வேட்டையில் சேரும். பெண்மயில் நான்கைந்து முட்டை இட்டு ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும். குஞ்சு பொரிந்த உடனே தாயின் பின்னால் நடந்துவிடும், கூட்டில் தங்காது. முட்டையைக் கொண்டுபோய் வீட்டுக் கோழிக்கு அடைவைத்து மயில் வளர்ப்பதும் குற்றமே. பிள்ளைகள் ஆசைப்படுவார்கள் என்பதால் சொல்கிறேன்.

கொல்லையில் உதிர்ந்த மயிலிறகை எடுக்கலாமா?

தானாக உதிர்ந்த தோகை இறகை எடுக்கலாம், வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கொன்று பிடுங்கிய இறகு என்று சந்தேகம் வந்தால் அடித்தண்டைப் பார்த்தே வனத்துறையினர் கண்டுபிடிப்பார்கள்.

பன்றியைச் சுட அரசு அனுமதி கொடுத்துவிட்டதாமே?

விவசாயிக்குத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவின்படி தூரத்தைக் கணக்கிட்டு மூன்று நிலைகள் உண்டு. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதியே கிடையாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி ஊருக்குள் பயிரை அழிக்கும் பன்றியை மட்டுமே சுடலாம். அதையும் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்தான் சுட வேண்டும். எங்கே, எந்தப் பன்றி என்று பரிந்துரைக்கக் கிராம அளவில் ஒரு குழு உண்டு. கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனவர் ஆகியோர் அதில் இருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் சர்வே எண் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வேப்பூரைச் சுற்றியுள்ள காப்புக்காடுகளை ஒட்டிக் கொல்லை வைத்திருப்பவர்களுக்கு இந்த உத்தரவால் உடனடிப் பயன் குறைவு. காட்டிலிருந்து வெகுதூரத்தில், கரும்புத் தோட்டத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பன்றிக் கூட்டத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கே இது உதவும். கரும்பு பத்து மாதத்துக்கு மேல் நிற்கும் பயிர். நிழல், ஈரம், தின்னக் குருத்து, குட்டி போட மறைவு அத்தனையும் அதற்குள்ளேயே கிடைக்கிறது. அந்தப் பன்றி காட்டைக் கண்ணால் கூடப் பார்த்திருக்காது.

சுட்ட பன்றியின் இறைச்சி யாருக்கும் கிடைக்காது. சட்டப்படி அது அரசுச் சொத்து, புதைத்துவிடுவார்கள்.

கேரளம் 2022-லேயே இந்த அதிகாரத்தை உள்ளாட்சி அமைப்புகளின் கைக்குக் கொண்டுபோனது. நம் ஊர்க் குழுவும் பரிந்துரையோடு நிற்காமல், இத்தனை நாளுக்குள் முடிவு என்று கெடு வைத்துச் செயல்பட வேண்டும் என்பது என் விருப்பம். கதிர் முற்றும் நேரத்தில் வந்து சேரும் அனுமதியால் அந்தப் பட்டத்துக்குப் பயன் இல்லை.

மின்வேலி போடலாமா?

அனுமதி பெற்ற மின்வேலி போடலாம். வீட்டு மின்சாரத்தையோ பம்புசெட் மின்சாரத்தையோ கம்பியில் நேரடியாகப் பாய்ச்சுவது எந்த நிலையிலும் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் உயிர்கள் போகின்றன.

முறையான சூரிய மின்வேலியில் ஒரு பேட்டரி, ஒரு துடிப்புக் கருவி, கம்பிகள் இருக்கும். மின்சாரம் தொடர்ந்து ஓடாது. நொடிக்கு ஒருமுறை, கண் சிமிட்டுவதற்குள் வந்து போகும். மூக்கை வைத்த பன்றி சுளீரென்று உதறிக்கொண்டு ஓடிவிடும், சாகாது. பம்புசெட்டிலிருந்து இழுத்த கம்பியிலோ முழு மின்சாரமும் விடாமல் பாயும். தொட்ட உடம்பு விலக முடியாது. அதில் பன்றி மாட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். இரவு மடை மாற்றப் போன பக்கத்துக் கொல்லைக்காரரும், விடியலில் வெளிக்குப் போன பெண்களும், சில நேரம் கம்பியைக் கட்டியவரே கூட அதில் மாட்டியிருக்கிறார்கள். நம் மாவட்டச் செய்திப் பக்கங்களில் இது புதிதல்ல. ஆள் இறந்தால் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு வழக்கு வரும். விலங்கு இறந்தால் வன உயிரினச் சட்டத்தில் தனி வழக்கு. இலவச மின் இணைப்பும் துண்டிக்கப்படும்.

தமிழ்நாட்டில் 2023-இல் மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கும் முறைப்படுத்துவதற்கும் விதிகள் வந்தன. காப்புக்காட்டுக்கு அருகில் உள்ள நிலங்களில் புதிதாக வேலி போட வனத்துறையின் அனுமதி வேண்டும். ஏற்கெனவே போட்டதையும் பதிவு செய்ய வேண்டும். துடிப்புக் கருவி இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வாங்கும்போது பில்லையும் கருவியின் தரச் சான்றையும் கேட்டு வாங்கி வையுங்கள். மானியத்தில் சூரிய மின்வேலி அமைத்துத் தரும் திட்டத்தை வேளாண் பொறியியல் துறை நடத்தியிருக்கிறது. இந்த ஆண்டு நிதி வந்திருக்கிறதா என்று உங்கள் கோட்டத்தின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

அவுட்டுக்காய், விஷம் கலந்த தானியம், பழைய மீன்வலை?

முதல் இரண்டைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. அவுட்டுக்காய் என்பது இரைக்குள் வைத்த நாட்டு வெடி. வெடிபொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். மேயப் போன மாடு கடித்துத் தாடை சிதறிய சம்பவங்கள் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன. குருணை மருந்தைத் தானியத்தில் கலந்து வைத்தால் மயில் மட்டுமா சாகும்? மைனா, புறா, வீட்டுக்கோழி, செத்ததைத் தின்ற நாய் வரை போகும். முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

மீன்வலை விஷயம் வேறு. தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டைப் பக்கம் கிழிந்த நைலான் வலை மலிவாகக் கிடைப்பதால் தோட்டத்தைச் சுற்றிக் கட்டுகிறார்கள். வலை கட்டுவது குற்றமில்லை. ஆனால் தரையோடு தொய்வாக விட்ட வலையில் சாரைப்பாம்பு நுழைந்து, செதில் மாட்டி, உள்ளேயும் போக முடியாமல் வெளியேயும் வர முடியாமல் வெயிலில் கிடந்து செத்துப்போகும். சாரை போனால் எலிதான் மிச்சம். வலையை இழுத்து விறைப்பாகக் கட்டுங்கள், அடிப்பக்கத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிவிட்டு அங்கே முள்ளை அணையுங்கள். பாம்புக்குப் பாதை இருக்கும், மயிலும் நுழையாது. பன்றிக்கு வலை ஒரு பொருட்டில்லை. அதற்குப் பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டும் வழக்கம் இன்னும் ஓரளவு பலன் தருகிறது. மனித வாடையும் காற்றில் ஆடும் துணியும் சில வாரம் அதைத் தயங்க வைக்கும். பழகிவிட்டால் அதையும் தாண்டிவிடும்.

சிதம்பரம் பக்கம் முதலைக்குப் பயந்து மாட்டைத் தண்ணீரில் இறக்க முடியவில்லை. முதலைக்குத்தான் சட்டமா?

இந்தக் கேள்வியின் கோபம் நியாயமானது. கொள்ளிடம், பழைய கொள்ளிடம், அவற்றோடு சேரும் வாய்க்கால்களில் நன்னீர் முதலைகள் இருக்கின்றன. மனிதர்களும் ஆடுமாடுகளும் தாக்கப்பட்டிருக்கிறார்கள். ஊருக்குள் வரும் முதலையை வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி நீர்நிலையில் விடுவது பல ஆண்டு வழக்கம். அங்கே இட நெருக்கடி, மழை வெள்ளத்தில் திரும்ப வெளியேறும் வாய்ப்பு ஆகிய இரண்டையும் ஊர்க்காரர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலையை நீங்களாகப் பிடித்துக் கட்டாதீர்கள். முதல் அட்டவணை என்பது ஒருபுறம், அதன் வாலடியே காலை முறித்துவிடும். ஆனால் உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு தற்காப்பில் தாக்க நேர்ந்தால் அது குற்றமாகாது என்று 11-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வேட்டைக்குப் போன இடத்தில் தாக்கிவிட்டு அதைத் தற்காப்பு என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

மாடு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய காலம் ஒன்று உண்டு. கோடையில் நீர் வற்றி ஆங்காங்கே மடுக்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். எல்லா முதலையும் அந்த மடுக்களில் வந்து சேரும். பெண்முதலை கரை மணலில் குழி தோண்டி முட்டையிட்டுக் காவல் இருப்பதும் அந்தப் பருவத்தில்தான். அந்த மாதங்களில் படுகையில் மேயும் மாட்டுக்குக் கரையிலேயே தொட்டியில் தண்ணீர் காட்டுவதுதான் வழி. துறைக்குத் துறை இரும்புக் கூண்டு அடித்த படித்துறையும் மேய்ச்சல் பக்கம் நீர்த்தொட்டியும் கேட்டு ஊராட்சித் தீர்மானம் போடலாம். ‘முதலைகள் நடமாடும் பகுதி, எச்சரிக்கை’ என்ற பலகையோடு ஒரு அரசின் கடமை முடிந்துவிடாது.

ஆட்டைக் கடித்தது நரியா நாயா? யார் முடிவு செய்வது?

கால்நடை உதவி மருத்துவர். செத்த ஆட்டை உடனே புதைத்துவிட்டுப் பிறகு மனுவோடு வருகிறார்கள். அப்போது எதையும் நிரூபிக்க முடியாது. இடத்தை விட்டு நகர்த்தாமல் படம் எடுங்கள், கால்தடம் இருந்தால் அதையும் எடுங்கள், பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்குங்கள். வனவிலங்கு என்றால் வனத்துறை, தெருநாய் என்றால் வேறு அலுவலகம். நம் பக்கத்தில் பெரும்பாலான சம்பவங்களில் குற்றவாளி தெருநாய்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காட்டில் மாடு மேய்க்கத் தடை வந்துவிட்டதா? கிடை போடுகிறவர்கள் என்ன செய்வது?

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் எல்லாக் காடுகளிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பெரும் எதிர்ப்பு எழுந்ததும், தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று அந்த உத்தரவு மாற்றப்பட்டது. சாதாரணக் காப்புக்காட்டில் வனத்துறையின் விதிப்படி அனுமதி வாங்கி மேய்க்க வேண்டும் என்பது பழைய நிலை, அதுவே தொடர்கிறது.

அறுவடை முடிந்த கழனியில் ஆட்டுக்கிடை, மாட்டுக்கிடை போடுவதற்கும் தாளடியில் வாத்து மேய்ப்பதற்கும் இதனால் எந்தத் தடையும் இல்லை. அது பட்டா நிலம். பிச்சாவரம் சதுப்புக்காடு காப்புக்காடு. 2022-இல் ராம்சர் தலப் பட்டியலிலும் (சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது. கிள்ளைப் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் அலையாத்திக் கன்றுகளை மாடு மேயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுனாமியின்போது அந்தக் காடு பின்னாலிருந்த ஊர்களுக்கு எப்படி அரணாக நின்றது என்பதை அங்கே உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊசுட்டேரி சரணாலயம் ஆன பிறகு பக்கத்து விவசாயிகளுக்கு என்ன கட்டுப்பாடு?

ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008-லும், தமிழ்நாட்டுப் பகுதி 2014-லும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. ஏரிக்கு வெளியே உள்ள பட்டா நிலத்தில் பயிர் வைப்பதை இது தடுக்காது. பலருக்குத் தெரியாத இரண்டு விதிகளைச் சொல்கிறேன். சரணாலயத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் வளர்க்கும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்ய வேண்டியது தலைமை வன உயிரினக் காப்பாளரின் கடமை; சட்டத்தின் 33-ஏ பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தடுப்பூசி முகாம் வரவில்லை என்றால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே மனு கொடுங்கள். இரண்டாவது, 10 கிலோமீட்டருக்குள் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் வனத்துறையிடமும் பதிவு செய்ய வேண்டும்.

என் பசு மாட்டுக்கு வலி ஊசி போட மருத்துவர் மறுக்கிறார். கழுகைக் காப்பாற்றவாம். இங்கே கழுகே இல்லையே?

இந்தக் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வன உயிரினப் பாதுகாப்பு ஒரு மாட்டுத் தொழுவத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1990-களில் இந்தியாவின் பாறு கழுகுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு என்ற இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்துவிட்டது. காரணம் 2004-இல்தான் பிடிபட்டது. மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, மாடு செத்த பிறகும் உடலில் தங்கி, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதருக்கான 30 மில்லி குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடும் குறுக்கு வழி தொடர்ந்ததால், 2015-இல் குப்பியின் அளவையே 3 மில்லி என்று சுருக்கினார்கள். 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் கால்நடைக்குத் தடையாயின.

தமிழ்நாட்டில் பாறு இன்று முக்கியமாக நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. ஆனால் மருந்துக் கடைக்கு மாவட்ட எல்லை கிடையாது. நம் சந்தையில் விற்ற மாடு எந்த ஊரில் போய் விழும் என்றும் யாரும் சொல்ல முடியாது. உங்கள் மாட்டுக்கு வேண்டியது மெலாக்சிகம். அது கழுகைப் பாதிக்காது, வலிக்கும் நன்றாகக் கேட்கும். மருத்துவர் மறுத்தால் “மெலாக்சிகம் இருக்கிறதா” என்று கேளுங்கள். மனிதர் மருந்துக் கடையில் ஊசி வாங்கி நீங்களே குத்தாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் சட்டத்தின் பக்கம் முழுமையாக நிற்கிறேன். விவசாயிக்கு நட்டமில்லாமல் ஓர் இனத்தைக் காப்பாற்றும் வழி இப்படி அரிதாகத்தான் கிடைக்கும்.

பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்குமா? எப்படிக் கேட்பது?

கிடைக்கும். ஆனால் கேட்கிறவர்களுக்கு, அதுவும் உடனே கேட்கிறவர்களுக்கு. சட்டம் விலங்கை அன்றே காப்பாற்றுகிறது, விவசாயியின் நட்டத்தை மாதங்கள் கழித்துத்தான் கணக்கில் எடுக்கிறது. அந்த இடைவெளியில் ஆதாரம் அழிந்துவிடும். பன்றி உழுத கொல்லையைப் பத்து நாள் கழித்துப் பார்த்தால் மழையில் கரைந்த சாதாரண மண்ணாகத்தான் தெரியும்.

சேதம் தெரிந்த காலையிலேயே படம் எடுங்கள். ஒரு படத்தில் கொல்லை முழுவதும் தெரிய வேண்டும். இன்னொன்றில் பன்றியின் இரட்டைக் குளம்புத் தடமோ, மூக்கால் கிளறிய சாலோ, மயிலின் மூவிரல் தடமோ கிட்டத்தில் தெரிய வேண்டும். அன்றே கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். பட்டா, சிட்டா, அந்தப் பசலிக்கான (வருவாய் ஆண்டு) அடங்கல் எனும் சாகுபடிப் பதிவு, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். வனத்துறை, வருவாய்த் துறை, வேளாண் அல்லது தோட்டக்கலைத் துறை என்று கூட்டாகப் பார்வையிட்டு எத்தனை சதவீதம் சேதம் என்று எழுதுவார்கள். பார்வையிட வரும்வரை அந்த இடத்தை உழுதுவிடாதீர்கள். அலுவலகத்தில் கொடுத்த மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அந்த நகலைத்தான் காட்ட முடியும்.

தொகைக்கு ஏக்கர் கணக்கில் உச்சவரம்பு உண்டு. செலவு முழுவதும் திரும்பி வராது. மனித உயிரிழப்புக்கு மத்திய அரசின் திட்டங்களின் கீழ் கருணைத்தொகை 2023 டிசம்பரில் 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. படுகாயத்துக்கு 2 லட்சம், சிறு காயத்துக்கு 25,000 வரை.

குத்தகைக்குப் பயிர் வைத்திருக்கிறேன். பணம் யாருக்கு வரும்?

அடங்கலில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. கோயில் நிலம், வாய்மொழிக் குத்தகை என்று நம் மாவட்டத்தில் பெரும்பாலும் உழுபவர் ஒருவர், பட்டாதாரர் ஒருவர். விதைத்த மாதத்திலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று வாங்கி வையுங்கள். சேதம் வந்த பிறகு கேட்டால் நில உரிமையாளருக்குச் சங்கடம், அலுவலருக்கும் தயக்கம்.

பயிர்க் காப்பீட்டில் இது வருமா?

இதுவரை நடைமுறையில் வரவில்லை என்றே சொல்லலாம். 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம், பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குத் தாக்குதலைத் தனிக் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்ப்பதாகவும், 2026 காரிப் பருவம் முதல் அது நடைமுறைக்கு வரும் என்றும் அறிவித்தது. எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்பதை மாநில அரசுதான் அறிவிக்க வேண்டும். சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் செயலியில் இடக்குறியுள்ள படத்தோடு பதிய வேண்டும். கடலூர் பெயர் அந்தப் பட்டியலில் வர வேண்டும் என்று சங்கங்கள் இப்போதே எழுதிக் கேட்க வேண்டும். நெல் வயல் நீரில் மூழ்கும் சேதமும் அதே அறிவிப்பில் மீண்டும் சேர்க்கப்பட்டிருப்பது நமக்கு இதைவிடவும் பெரிய செய்தி.

என் நிலம் பாகூரில். அடுத்த வயல் கடலூர் மாவட்டம். எந்த விதி செல்லும்?

மத்தியச் சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். மாநில அரசின் உத்தரவுகள் அப்படியில்லை. பன்றியைப் பற்றி மேலே சொன்ன தமிழ்நாட்டு உத்தரவும் மின்வேலி விதிகளும் புதுச்சேரி நிலத்துக்குப் பொருந்தாது. அங்கே புதுச்சேரி வனம் மற்றும் வனவிலங்குத் துறையிடமும் வேளாண் துறையிடமும்தான் போக வேண்டும். புதுச்சேரியின் நிலப்பரப்பு கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதால், ஒரே பன்றிக்கூட்டம் ஒரே இரவில் இரண்டு அரசுகளுக்கு மனு எழுத வைத்துவிடும். சேதம் எந்தச் சர்வே எண்ணில் நடந்ததோ அந்தப் பக்கம் மனு கொடுங்கள்.

என் நிலத்தில் அரிய விலங்கு இருப்பது தெரிந்தால் நிலத்தையே முடக்கிவிடுவார்களாமே?

அமெரிக்காவில் பெரிய மேய்ச்சல் பண்ணைக்காரர்களுக்கு இருக்கும் பயம் இங்கே வாட்ஸ்அப் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே 1973-ஆம் ஆண்டின் அழிந்துவரும் உயிரினங்கள் சட்டப்படி, விலங்கைக் கொல்லும் அல்லது காயப்படுத்தும் அளவுக்கு அதன் வாழிடத்தை மாற்றுவதும் குற்றமாகலாம். தனியார் நிலத்துக்கும் அது பொருந்தும். 1995-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதனால் அரிய பறவை கூடு கட்டும் முன்பே மரத்தை வெட்டிவிடும் நிலைமை உருவானது. அதைத் தணிக்க, விரும்பி வாழிடம் பேணும் நில உரிமையாளருக்குப் புதிய கட்டுப்பாடு வராது என்று அரசே ஒப்பந்தம் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

நம் சட்டம் அப்படி இல்லை. உங்கள் பட்டா நிலத்தில் மயிலோ உடும்போ இருப்பதால் மட்டும் பயிர் மாற்றவோ, உழவோ, கிணறு வெட்டவோ தடை வராது. விலங்கையும் முட்டையையும் கூட்டையும் தொடக்கூடாது, அவ்வளவே. ஆகவே வயலில் எதைப் பார்த்தாலும் மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒப்பந்த யோசனையைத்தான். ஏரிக்கரையில் நாரைக்கு மரம் விட்டுவைத்த விவசாயிக்கு ஆண்டுக்கு ஒரு தொகை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

செம்மரம் நட்டிருக்கிறேன். அதுவும் அழிந்துவரும் இனமாமே, வெட்ட முடியுமா?

முடியும், அனுமதியோடு. இயற்கைக் காட்டில் செம்மரம் அருகிவருவதால் சர்வதேச வணிகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆனால் பட்டா நிலத்தில் நட்டு வளர்த்த மரம் உங்களுடையது. கன்று நட்ட ஆண்டிலேயே எத்தனை மரம் என்று அடங்கலில் ஏற்றச் சொல்லுங்கள், ஆண்டுதோறும் அது தொடர்கிறதா என்று பாருங்கள். வெட்டவும் லாரியில் ஏற்றவும் வனத்துறை அனுமதி கேட்கும்போது, மரம் காட்டிலிருந்து வந்ததில்லை என்று சொல்ல அந்தப் பதிவே சாட்சி. சந்தனத்துக்கும் இதே வேலைதான், கெடுபிடி மட்டும் இன்னும் அதிகம்.

புகார் கொடுக்கப் போனால் என் மீதே வழக்குப் போட்டுவிடுவார்களோ?

இந்தப் பயத்தால்தான் பாதிச் சேதம் கணக்கிலேயே வராமல் போகிறது. பயிர்ச் சேத மனு கொடுத்ததற்காக யார் மீதும் வழக்குப் போட முடியாது. செத்த விலங்கு உங்கள் நிலத்தில் கிடந்தாலும், நீங்களே முதலில் தகவல் சொன்னால் நிலைமை வேறு. மறைத்துப் புதைத்த பிறகு அக்கம்பக்கத்தார் சொல்லித் தெரிந்தால் வேறு. பார்வையிட வருகிறவர்கள் கொல்லையைச் சுற்றித்தான் நடப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பம்புசெட் அறையிலிருந்து போகும் கம்பி ஒன்று அங்கே இருந்தால், மனு கொடுப்பதற்கு முன்பல்ல, இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இன்று இரவே போய்க் கழற்றுங்கள்.